பாடிப் போகிறவரின் பத்து ஆண்டு

தை பிறந்துவிட்டால் தென் மாவட்டச் சுவர்களில் மின்னொளி கபடிச் சுவரொட்டிகள் ஏறிவிடும். சங்கரன்கோவில், புளியங்குடி, வாசுதேவநல்லூர், ராயகிரி, சிவகிரி என்று மலையடிவாரத்தை ஒட்டிய ஊர்களில் பொங்கலுக்கும் சரி, கோயில் கொடைக்கும் சரி, கபடி ஆடாமல் தீராது. எடைப்பிரிவு, நுழைவுக் கட்டணம், முதல் பரிசு, சுழற்கோப்பை, பரிசு வழங்குபவர்களின் பெயர் எல்லாம் அந்தச் சுவரொட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும். ஆடப்போகிறவர்களின் பெயர் மட்டும் பெரும்பாலும் இருக்காது. அவர்களிலும் கூட்டம் யாரைப் பார்க்க இரவு முழுக்கக் கண்விழிக்கிறதோ, அந்தப் பாடிப் போகிறவரைப் பற்றியே இங்கே பேச வேண்டியிருக்கிறது. ஏழு பேர் காத்து நிற்கும் களத்துக்குள் தனி ஆளாக நுழைந்து, தொட்டு, திமிறி, நடுக்கோட்டுக்குத் திரும்பி வரும் திறமை ஒருவருக்கு எத்தனை ஆண்டு சோறு போடும்? அந்த ஆண்டுகள் முடிந்தபின் அவர் கையில் என்ன மிஞ்சும்?

2014-இல் புரோ கபடி லீக் வந்த பிறகு இந்தக் கேள்விக்குப் பலரும் ஏலத்தொகையைச் சொல்லிப் பதில் தருகிறார்கள். கோடி ரூபாய்க்குப் போனவர்களின் கதை ராயகிரிப் பக்கத்துப் பையன்களுக்கும் மனப்பாடம். என் கணக்கு வேறு. முட்டி ஜவ்வு கிழிந்து படுத்த மாதத்தில் யார் சம்பளம் தருகிறார் என்பதைக் கொண்டே ஓர் ஆட்டக்காரரின் தொழில்வாழ்வை எடைபோட வேண்டும். அப்படிப் பார்த்தால் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு மண் தரையில் ஆடியவர்கள் சிலர், இன்றைக்கு விளக்கு வெளிச்சத்தில் மேட் விரிப்பில் ஆடுகிறவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள்.

முதலில் அந்த வேலை எப்படிப்பட்டது என்று பார்ப்போம். ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து எதிரணியின் கடைசிக் கோடு 6.5 மீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. இடையில் 3.75 மீட்டரில் பாக் கோடு, அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி போனஸ் கோடு. பாடிப் போகிறவருக்கு, அதாவது ரைடருக்கு, 30 வினாடி. அதற்குள் பாட்டை விடாமல் பாக் கோட்டையாவது தாண்ட வேண்டும், அல்லது யாரையாவது தொட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் திரும்பினால் அவரே வெளியே. எதிரே ஆறு பேருக்குக் குறையாமல் நிற்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் ஒரு புள்ளி. லீக் ஆட்டத்தில் ஓர் அணி அடுத்தடுத்து இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பிவிட்டால் மூன்றாவது முறை போகிறவர் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வெளியேற வேண்டும். எதிரணியில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சியிருக்கும்போது அவர்களிடம் பிடிபட்டால் அவர்களுக்கு ஒரு புள்ளி கூடுதல்.

இந்த விதிகளை வரிசையாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு விதியும் ரைடரை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுகிறது. பாதுகாப்பாக ஆடுகிறவருக்கு இடமில்லை. இரண்டு கார்னரிலும் நிற்பவர்கள் கணுக்காலுக்குக் காத்திருப்பார்கள். கவரில் நிற்பவர்களின் கண் தொடையிலும் இடுப்பிலும் இருக்கும். கை நீட்டித் தொடலாம், கால் நீட்டித் தொடலாம், பின்னங்காலால் உதைத்துத் தொடலாம், பிடிக்கக் குனிந்தவரின் முதுகுக்கு மேலே தவளைபோலத் தாவலாம், கோத்த கைகளுக்கு அடியில் முங்கி நழுவலாம். எதைச் செய்தாலும் கடைசியில் ஓர் அரை நொடி வரும். ஒரு காலை ஊன்றி உடம்பை நடுக்கோட்டுப் பக்கம் திருப்ப வேண்டிய அரை நொடி அது. ஊன்றிய காலைத் தரை விடாது, மற்ற காலை எதிரணிக்காரர் விடமாட்டார், மேலுடம்பு மட்டும் கோட்டை நோக்கித் திரும்பும். முட்டிக்குள் இருக்கும் ஜவ்வு கிழிவது பெரும்பாலும் அப்போதுதான். மண் தரை தோலை உரிக்கும், ஆனால் காலைக் கொஞ்சம் வழுக்க விடும். மேட் விரிப்பில் காலணி போட்டு ஆடும்போது தோல் பிழைக்கிறது. முட்டி அந்தப் பளுவை வாங்கிக்கொள்கிறது.

உலகத்தில் இதே வேலையைப் பார்க்கும் இன்னொருவர் அமெரிக்கக் கால்பந்தில் இருக்கிறார். அந்த ஆட்டத்தில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். ஆட்டத்தைத் தொடங்கும்போதும் புள்ளி எடுத்த பிறகும் ஓர் அணி பந்தை வானத்தில் உதைத்து அனுப்பும். மறுகோடியில் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு, தன்னை நோக்கி முழு வேகத்தில் ஓடிவரும் பதினொரு பேருக்கு நடுவே வழி கண்டுபிடித்து ஓட வேண்டும். திருப்பி ஓடுபவர் என்று அவரைச் சொல்லலாம். மற்ற நேரத்தில் அவர் தூர வீசப்படும் பந்தைப் பிடித்து ஓடும் ரிசீவராகவும் இருப்பார், ஏனென்றால் திருப்பி ஓடும் வேலையை மட்டும் நம்பி அணியில் இடம் கிடைப்பது அரிது.

அந்த வேலையில் டெவின் ஹெஸ்டரை மிஞ்சியவர் இல்லை. 2007 பிப்ரவரியில் நடந்த 41-வது சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தின் முதல் உதையையே பிடித்து 92 கெஜம் ஓடிப் புள்ளி எடுத்தார். சிகாகோ அணிக்காக அவர் ஆடிய முதல் பருவம் அது. திருப்பி ஓடி எடுத்த டச் டவுன்கள் 20 என்ற சாதனையோடு ஓய்வுபெற்றார். ஆனால் ரிசீவராக அவரைப் பெரிய ஆட்டக்காரர் என்று எவரும் சொன்னதில்லை. திருப்பி ஓடுவதையே முதன்மை வேலையாகக் கொண்டவர்களில் முதல் ஆளாக அவரை அந்நாட்டுக் கால்பந்துப் புகழ் மண்டபத்தில் சேர்க்க 2024 ஆயிற்று.

இதில் நமக்கான பாடம் அவருடைய சாதனையைவிட அந்த வேலைக்கு நேர்ந்த கதியில் இருக்கிறது. எதிரெதிர் திசையில் முழு வேகத்தில் ஓடிவந்து மோதுவதால் தலைக்காயம் அதிகம் என்று கண்டு, 2011-இல் உதைக்கும் கோட்டை ஐந்து கெஜம் முன்னே தள்ளினார்கள். பந்து ஆடுகளத்தின் மறுகோடி எல்லைப் பகுதிக்குள் போய் விழத் தொடங்கியது, ஓட வேண்டிய தேவை குறைந்தது. 2024 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலில் ஓர் உதையைக்கூட யாரும் திருப்பி ஓடவில்லை. ஒரு திறமையின் விலையையே விதியை மாற்றி இறக்கிவிட்டார்கள். உடம்பைக் காக்க வந்த மாற்றம் என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்த ஒரு வேலையை மட்டும் கற்றுக்கொண்டு வந்தவர்களின் இடம் சுருங்கியது உண்மை. அதே 2024-இல் உதை விதியை மறுபடி மாற்றி, மோதலின் வேகத்தைக் குறைத்தபடி ஓட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆட்டக்காரரின் வாழ்வு விதி எழுதுகிறவரின் கையில் இருக்கிறது என்பது கபடிக்கும் பொருந்தும்; நாளைக்குப் போனஸ் விதியை எடுத்துவிட்டால் அதில் மட்டும் தேர்ந்த ரைடர்களின் கதை அன்றோடு முடியும்.

அந்த நாட்டிலும் இத்தகைய ஆட்டக்காரரின் காலம் நீளமானதல்ல. தொழில்முறைக் கால்பந்தில் ஓர் ஆட்டக்காரரின் சராசரிக் காலம் 3.3 ஆண்டு என்று அவர்களுடைய சங்கம் சொல்லிவந்தது. முதல் பருவத்திலேயே அணியில் நிலைத்தவர்களை மட்டும் கணக்கிட்டால் ஆறு ஆண்டு வரும் என்றது லீக். எந்தக் கணக்கை எடுத்தாலும் முப்பது வயதுக்குள் பெரும்பாலானவர்களுக்கு முடிந்துவிடுகிறது. ஆனால் 1956-இல் தொடங்கிய அந்தச் சங்கம் லீக்கோடு பேரம் பேசிச் சில உரிமைகளை வாங்கி வைத்திருக்கிறது. மூன்று பருவம் கணக்கில் ஏறினால் ஓய்வூதிய உரிமை உண்டு. தலைக்காயத்துக்காக 4,500-க்கும் மேற்பட்ட முன்னாள் ஆட்டக்காரர்கள் வழக்குத் தொடுத்தபோது, 2013-இல் 76.5 கோடி டாலருக்கு லீக் இறங்கி வந்தது. பின்னர் அந்த உச்சவரம்பும் நீக்கப்பட்டது. இத்தனையும் அவர்கள் ஒன்றாக நின்று போராடி வாங்கியவை. (இந்த ஆட்டத்தை நம் பக்கமும் விதைத்துப் பார்த்தார்கள். நகரங்களின் பெயரில் அணிகள் அமைத்து, எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா என்ற பெயரில் முதல் பருவத்தைக் கொழும்பில் நடத்தினார்கள். அது வேர்பிடிக்கவில்லை. நமக்கு ஏற்கெனவே சொந்தமாக ஓர் ஆட்டம் இருந்தது.)

நம் ஆட்டத்துக்கு வருவோம். கபடிக்கு எழுதப்பட்ட விதிகளைத் தந்தது மராட்டியமும் பரோடாவும். 1920-களிலேயே அங்கே போட்டிகள் நடந்தன. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலத்தார் அதை ஆடிக்காட்டினார்கள். ஆசிய விளையாட்டில் பதக்க ஆட்டமாக அது ஏறியது 1990-இல், பெய்ஜிங்கில். அங்கிருந்துதான் கிராமத்து ரைடருக்கு 'இந்தியா' என்று எழுதிய பனியன் எட்டும் தூரத்துக்கு வந்தது.

தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி ஊரின் பி. கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். 1995-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றார். 2025-இல் மாரி செல்வராஜ் இயக்கிய 'பைசன் காளமாடன்' அவருடைய வாழ்க்கையின் தூண்டுதலில் எழுந்த படம் என்பதால் இன்றைய தலைமுறைக்கும் அவரைத் தெரியும். படம் அவர் வந்த பாதையில் கிடந்த சாதிப் பகையையும் வெட்டுக்குத்தையும் காட்டியது, அது காட்டப்பட வேண்டியதுதான். தென் மாவட்டங்களில் எந்த ஊர் அணியோடு ஆடலாம், எந்தத் தெருக்காரர் எந்தக் குழுவில் சேரலாம் என்பதில்கூட சாதி இருந்தது. பல இடங்களில் இன்றும் இருக்கிறது. தொடாமல் ஆட முடியாத ஓர் ஆட்டத்தை அந்த மண்ணில் ஆடிவந்தார்கள் என்பதே அதன் பெருமை.

ஆனால் கணேசனின் கதையில் இன்னொரு இழை இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சேரன்மகாதேவிப் பக்கத்து சன் பேப்பர் மில் அணி, பிறகு மின்வாரியம் என்று அவர் ஆட்டத்தை ஒரு வேலை தாங்கியது. அந்தக் காலத்துப் பெரிய ஆட்டக்காரர் யாரை எடுத்தாலும் பெயருக்குப் பின்னால் ஒரு துறை ஒட்டிக்கொண்டிருக்கும். மின்வாரியம், காவல்துறை, ரயில்வே, வங்கி, ஆலை. ஆட்டத்துக்காக வேலை கொடுத்தார்கள், ஆடாத நாளில் ஆட்டக்காரர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்தார்கள், ஆட்டம் முடிந்த பிறகும் அந்த நாற்காலி அங்கேயே இருந்தது. கால் உடைந்தால் மருத்துவ விடுப்பு. ஓய்வு பெற்றால் ஓய்வூதியம். பெரிய சம்பளம் கிடையாது, விளம்பரம் கிடையாது, சென்னையைத் தாண்டினால் முகம் தெரியாது. இருந்தாலும் 35 வயதில் ஆட்டத்தை விட்டவருக்கு மறுநாள் காலை போவதற்கு ஓர் இடம் இருந்தது. கபடி என்பது கிராமத்துப் பையனை மாதச் சம்பளத்துக்குக் கொண்டுபோகும் ஏணி என்று ஊர் நம்பியதற்கு இந்த வேலைகளே காரணம்.

2014 ஜூலை 26 அன்று மும்பையில் புரோ கபடி லீக் தொடங்கியது. எட்டு அணிகள். முதல் ஏலத்தில் அதிக விலைக்குப் போன ராகேஷ் குமாருக்கு 12.80 லட்சம் ரூபாய். 2017-இல் அணிகள் பன்னிரண்டாயின, தமிழ் தலைவாஸ் வந்தது. 2018-இல் மோனு கோயத் 1.51 கோடி, 2021-இல் பர்தீப் நர்வால் 1.65 கோடி, 2022-இல் பவன் செராவத் 2.26 கோடி, 2023-இல் அதே பவன் 2.605 கோடி. ஒன்பதே ஆண்டில் உச்ச விலை இருபது மடங்கு ஏறிவிட்டது. தொலைக்காட்சி இந்த ஆட்டத்துக்குச் செய்த நன்மையை மறுக்க முடியாது. கபடி ஆடுகிறவன் என்றால் ஊர் சுற்றுகிறவன் என்று பார்த்த வீடுகளில்கூட இன்று அதைப் படிப்புக்கு நிகராகப் பேசுகிறார்கள்.

அதே விலைப்பட்டியலைக் கீழ்நோக்கியும் படிக்க வேண்டும். பர்தீப் நர்வால் இந்த லீக் கண்ட மாபெரும் ரைடர். 2017 பருவத்தில் மட்டும் 369 ரைடு புள்ளி. அந்த ஆண்டு ஹரியானா ஸ்டீலர்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 34 புள்ளி. அதில் ஒரே ரைடில் ஆறு பேரையும் தொட்டு ஆல் அவுட்டையும் சேர்த்து 8 புள்ளி. லீக் வாழ்வில் 1,800 ரைடு புள்ளிக்கு மேல். அவருடைய விலை 1.65 கோடியிலிருந்து 90 லட்சம், பிறகு 70 லட்சம் என்று இறங்கியது. 2025 ஏலத்தில் அவரை எடுக்க ஆளில்லை. 28 வயதில் ஓய்வை அறிவித்தார்.

பவன் செராவத்தின் கதை நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது. 2022-இல் தமிழ் தலைவாஸ் அவரை வாங்கியபோது தமிழ்நாடே எதிர்பார்த்தது. குஜராத்தோடு முதல் ஆட்டம். எதிரணியில் பாடி வந்தவர் தமிழ்நாட்டுக்காரரான சந்திரன் ரஞ்சித். அவரைப் பிடிக்கப் போன பவனின் முட்டி திரும்பிவிட்டது. பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. பவன் மீண்டு வந்தார். 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியாவின் கேப்டனாகத் தங்கம் வாங்கினார், உச்ச விலைக்கும் போனார். 2025 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அவரை 59.50 லட்சத்துக்கு எடுத்தது. இரண்டு ஆண்டில் கால் பங்குக்கும் கீழே. இந்திய கேப்டனுக்கே இப்படி என்றால் ஒன்பது லட்ச ரூபாய் அடிப்படை விலையில் நிற்கும் நான்காம் பிரிவு ஆட்டக்காரரின் முட்டிக்கு என்ன மதிப்பு இருக்கும்?

பிடி ஆட்டக்காரர்களின் கணக்கு வேறு மாதிரி. தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து வந்த தர்மராஜ் சேரலாதன் 1975-இல் பிறந்தவர். 2016-இல் பாட்னா பைரேட்ஸ் நான்காவது பருவக் கோப்பையை வென்றபோது கேப்டன் அவர்தான். 2019-இலும் ஹரியானா அணிக்குக் கேப்டனாக ஆடிக்கொண்டிருந்தார், நாற்பது தாண்டி! கார்னரில் நிற்பவருக்கு அனுபவம் காலாக வேலை செய்கிறது. எதிரே வருகிறவரின் இடுப்பு எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டியே தெரிந்தால் வேகம் குறைந்தாலும் பிடித்துவிடலாம். ரைடருக்கு அந்தச் சலுகை இல்லை, அவருடைய சரக்கு வேகம். அது போகும்போது சொல்லிவிட்டுப் போவதில்லை. சங்ககிரிப் பக்கத்து கே. பிரபஞ்சனைப் போன்ற ரைடர்கள் தமிழ் தலைவாஸ், குஜராத், 2019-இல் கோப்பையை வென்ற பெங்கால் வாரியர்ஸ், மறுபடி தலைவாஸ், ஹரியானா என்று பருவத்துக்குப் பருவம் அணி மாறியதைப் பார்த்தால் ஒரு ரைடரின் தேவை எவ்வளவு குறுகிய தவணையில் அளக்கப்படுகிறது என்று புரியும். கபடியில் பையன்களுக்குப் பயிற்சி தருகிறவர்கள் எல்லாரையும் ரைடராக வளர்க்காமல், பதினாறு பதினேழு வயதிலேயே பாதிப்பேருக்குக் கார்னர் வேலையையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தால் அவர்களுடைய ஆட்டக்காலத்துக்குச் சில ஆண்டு கூடும் என்பது என் துணிபு.

இதுவரை சொன்னது லீக்குக்குள் போனவர்கள் பற்றி. பன்னிரண்டு அணி, அணிக்கு அதிகம் போனால் 25 பேர். நாடு முழுவதற்கும் 300 இடம், அதிலும் வெளிநாட்டுக்காரர்கள் உண்டு, ஹரியானாக்காரர்கள் ஏராளம். அந்த 300-க்கு வெளியே இருப்பவர்களுக்குத்தான் ஆட்டம் உண்மையில் சொந்தம். ராயகிரி போன்ற ஒரு பேரூராட்சியில் கபடி ஆடும் பையன் பெரும்பாலும் வயல்வேலை, விசைத்தறி, ராஜபாளையத்து நூற்பாலை, திருப்பூர், கேரளம் என்று ஏதாவது ஒன்றோடு கட்டப்பட்ட வீட்டைச் சேர்ந்தவன். அவன் முன்னே இரண்டு பாதைகள் இருக்கின்றன. அவை ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதை அவனுக்கு எடுத்துச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை.

முதல் பாதை மின்னொளிப் போட்டிகள். ஓர் இரவு ஆடினால் கையில் காசு. நன்றாகப் பாடிப் போகிறவரை வெளியூர்க் குழுக்கள் வண்டி அனுப்பி அழைத்துப் போவார்கள், சாப்பாடு போட்டு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள். சீசனில் வாரத்துக்கு இரண்டு மூன்று இரவு ஆடுகிறவர்கள் உண்டு. தூக்கம் கெட்டு, முந்தைய நாள் வீக்கம் வற்றாத முட்டியில் துணியைச் சுற்றிக்கொண்டு ஆடுகிறார்கள். கைதட்டலும் பரிசுப் பணமும் உண்மையானவை, அவற்றை இழிவாகப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் கோப்பைகளில் ஒன்றுகூட வேலைக்கான விண்ணப்பத்தோடு இணைக்கத் தக்கதல்ல.

இரண்டாவது பாதை சான்றிதழ். பள்ளி, மாவட்டத் தேர்வு, மாநில அணி, ஜூனியர் தேசியப் போட்டி. அல்லது கல்லூரியில் விளையாட்டு இடத்தில் சேர்ந்து மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணி, அங்கிருந்து பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கேட்கிறவரிடம் எந்த மட்டத்தில் ஆடினார் என்பதற்கேற்ற படிவத்தைத்தான் கேட்பார்கள். தமிழக அரசு வேலைகளில் 3 சதவீதம் விளையாட்டு வீரர்களுக்கு என்று இருக்கிறது. காவல்துறை, ரயில்வே, துணை ராணுவம், வங்கி ஆகியவையும் எடுக்கின்றன. அதற்குரிய வயதும் ஆட்ட உச்சமும் ஏறக்குறைய ஒன்றுதான்: பதினெட்டிலிருந்து இருபத்தைந்து. இந்தப் பாதையில் கையில் காசு வராது. பேருந்துச் செலவும் முட்டைச் செலவும் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். காசு தரும் பாதையில் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் தரும் பாதையில் காசு இல்லை. காசுக்காக ஆடிய இரவில் முட்டி போனால் சான்றிதழ்ப் பாதையும் அதோடு அடைபடுகிறது. தென் மாவட்டத்து நல்ல ரைடர்கள் பலர் கரைந்துபோவது இந்த இடத்தில்தான்.

சில நேரம் முட்டியோடு நிற்பதும் இல்லை. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே நடந்த போட்டியில் பாடிப் போன இளைஞர் ஒருவர் பிடியிலிருந்து தாவி விழுந்தார், எழ முயன்றவர் அப்படியே சரிந்தார், உயிர் போய்விட்டது. அந்தக் காட்சி கைப்பேசிகளில் மாநிலம் முழுவதும் சுற்றியது. 'வெண்ணிலா கபடிக்குழு' 2009-இல் திரையில் காட்டிய முடிவு நிஜத்தில் நடந்தது என்று எழுதினார்கள். பிறகு மறந்தார்கள். ஆட்டத்துக்குப் பக்கத்தில் ஆம்புலன்ஸ், முதலுதவி தெரிந்த ஒருவர், ஆடுகிற ஒவ்வொருவருக்கும் அந்த இரவுக்கான விபத்துக் காப்பீடு. ஒலிபெருக்கிக்கும் விளக்குக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இவை விழாக் குழுவுக்குப் பெரிய பாரம் அல்ல. நுழைவுக் கட்டணத்தில் ஒரு பகுதியை இதற்கென்று ஒதுக்காத போட்டிக்குக் காவல்துறை அனுமதி தரக் கூடாது என்றே சொல்வேன்.

அடுத்து வேண்டியது, இந்த ஊர்ப் போட்டிகளை மாவட்டக் கபடிக் கழகமும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் கண் திறந்து பார்ப்பது. மாவட்டத்துக்குச் சில போட்டிகளையாவது முறைப்படி பதிவு செய்து, தகுதிபெற்ற நடுவர்களைக் கொண்டு நடத்தி, அங்கே கண்டெடுத்த ஆட்டக்காரரை மாவட்டத் தேர்வுக்கு நேரடியாக அழைக்கலாம். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் ஓரளவு இதைச் செய்கின்றன. ஆனால் பதினொன்றாம் வகுப்போடு நூற்பாலைக்குப் போன மலையடிவாரத்துப் பையனுக்கு, அதற்குப் பதிவு செய்யச் சொல்லிப் பின்னால் நிற்கப் பள்ளியோ கல்லூரியோ இல்லை. அகில இந்தியக் கூட்டமைப்பிடம் இதை எதிர்பார்த்துப் பயனில்லை. 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதற்கு நிர்வாகியை நியமித்தது. உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் பொறுப்பை ஒப்படைக்கச் சொன்னது 2025-இல். அந்த ஏழு ஆண்டில் எத்தனையோ பேரின் ஆட்டக்காலமே முடிந்திருக்கும். இதற்கிடையே 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஆண்கள் அரையிறுதியில் ஈரானிடம் தோற்று வெண்கலத்தோடு திரும்பினார்கள். அதற்கு முந்தைய ஏழு ஆசிய விளையாட்டிலும் தங்கம் வேறெங்கும் போனதில்லை.

லீக்கிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். களத்தில் வாங்கிய காயத்துக்கு, ஒப்பந்தம் முடிந்த பிறகும் சிகிச்சையும் மீட்புக் காலச் சம்பளமும். ஜவ்வு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் ஆட ஒன்பது மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். லீக் பருவம் இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடும். இடைப்பட்ட மாதங்களில் துறை வேலை இருக்கிறவர் தப்பிக்கிறார், இல்லாதவர் ஊருக்குத் திரும்புகிறார். அமெரிக்கர்கள் சங்கம் வைத்து வாங்கியதை நம் ஆட்டக்காரர்களும் சங்கம் வைத்துத்தான் வாங்க முடியும். தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் அதைத் தொடங்கினால் ஹரியானாக்காரர்கள் சேராமல் இருக்க மாட்டார்கள். முட்டி எல்லாருக்கும் ஒன்றுதான்.

பெண்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, ஏனென்றால் புரோ கபடி லீக்கில் அவர்களுக்கு ஏலமே இல்லை. 2016-இல் ஃபயர் பேர்ட்ஸ், ஐஸ் டிவாஸ், ஸ்டார்ம் குயின்ஸ் என்று மூன்று அணிகளை வைத்து ஆண்கள் லீக்கின் ஓரத்தில் ஒரு பெண்கள் போட்டி நடத்தினார்கள். இறுதி ஆட்டத்தில் ஸ்டார்ம் குயின்ஸ் 24-23 என்று ஒரே புள்ளியில் வென்றது. அதைவிட விறுவிறுப்பான ஆட்டத்தை எவரும் கேட்க முடியாது. ஆனாலும் அது அடுத்த ஆண்டு தொடரவில்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய மகளிர் அணியில் சென்னை கண்ணகி நகரின் கார்த்திகா ஆடினார். ஆண்கள் அணியில் திருவாரூர் மாவட்டம் வடுவூரின் அபினேஷ். அரசு இருவருக்கும் ஆளுக்கு 25 லட்சம் கொடுத்தது. அபினேஷுக்கு அடுத்த படியாக லீக் ஏலம் காத்திருக்கிறது. கார்த்திகாவுக்கும், தென்காசி மாவட்டப் பள்ளித் திடல்களில் அவரைப் பார்த்துப் பாடப் பழகும் பிள்ளைகளுக்கும் ரயில்வேயோ காவல்துறையோ தரும் வேலை ஒன்றே சம்பளம். அந்த இடங்களை ஆண்டுதோறும், கபடி என்று ஆட்டத்தின் பெயரைச் சொல்லி, பெண்களுக்கென்று எண்ணிக்கை குறித்து அறிவிக்க வேண்டும்.